புதுக் கிறீமை முதலில் தாடையோரத்தில் பூசிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் திருகோணமலையில் கல்யாண வீடுகள் தொடங்கிவிடும். கச்சான் காற்றும் புழுதியும் வியர்வையுமாக முகம் படாத பாடு படுகிற காலமும் அதுதான். பரு வரும் முகமுள்ள பிள்ளைகள் சரியாக அந்த வேளையில் ஒரு ஃபேஸ் வோஷ், ஒரு சீரம், ஒரு சன்ஸ்கிறீன், ஒரு பவுண்டேசன் என்று நாலு புதுச் சாமான்களை ஒரே நாளில் வாங்கி, அன்றிரவே எல்லாவற்றையும் முகத்தில் போடத் தொடங்குகிறார்கள். பத்தாம் நாள் கன்னம் சிவந்து, நெற்றியெல்லாம் பொரிந்து நிற்கும். நாலில் எது செய்த வேலை என்று அவர்களாலும் சொல்ல முடியாது, பார்மசியில் நிற்பவராலும் சொல்ல முடியாது. நாலையும் எறிந்துவிட்டு வேறு நாலு வாங்குவார்கள்.

இதை எழுதும் எங்களில் ஒருவர் பார்மசியில் வேலை செய்பவர், மற்றவர் மணப்பெண் அலங்காரம் செய்பவர். நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். பரு வரும், எளிதில் எரியும் தோலுக்கு ஒரு பொருள் ஒத்துவருமா என்பதை விளம்பரமும் சொல்லாது, பக்கத்து வீட்டு அக்காவின் முகமும் சொல்லாது. அவரவர் தாடையோரந்தான் சொல்லும். அதற்கு ஒரு முறை உண்டு, ஒரு கால அளவும் உண்டு. அந்தக் கால அளவைத்தான் பலர் கொடுப்பதில்லை.

தோல் ஒரு பொருளை வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொல்லும். மூன்றுக்கும் வெவ்வேறு நேரம். முதலாவது எரிவு. பூசிய சில நிமிடத்திலிருந்து ஒரு நாளுக்குள் தெரியும்: சுள்ளென்று எரியும், இறுகும், செதிலாக உரியும். இது அளவைப் பொறுத்தது. வாரம் இரண்டு முறை தாங்கும் தோல், அதே பொருளைத் தினமும் போட்டால் தாங்காது. இரண்டாவது ஒவ்வாமை. இதில் கடிதான் முன்னுக்கு நிற்கும். பூசி ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத் தடித்துச் சிவக்கும். இமைத் தோல் மெல்லியதென்பதால் கன்னத்தில் பூசியது கண்ணைச் சுற்றி முதலில் வீங்குவதும் உண்டு. பல மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்த பொருளுக்கே ஒருநாள் ஒவ்வாமை தொடங்கலாம்; "இதைத்தானே எப்போதும் போடுகிறேன்" என்ற வாதம் இங்கே எடுபடாது. மூன்றாவது பரு. இதுதான் மிகவும் மெதுவானது. நுண்துளை உள்ளே அடைபட்டு, வெளியே கண்ணுக்குத் தெரியும் பருவாக எழும்ப நாலு முதல் எட்டு வாரம் எடுக்கும். ஆகவே "மூன்று நாள் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை" என்றால், முதலாவதை முழுதாகவும் இரண்டாவதை ஓரளவும் பார்த்தாயிற்று, மூன்றாவதை இன்னும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். இன்றைக்கு வந்த பருவுக்கு நேற்றுப் பூசிய கிறீமைக் குற்றம் சொல்வதும் இதே காரணத்தால் பெரும்பாலும் பிழை. போன மாதம் என்ன மாற்றினீர்கள் என்று பார்க்க வேண்டும்.

சோதிக்கும் முறை இது. முகத்தில் விட்டுவைக்கும் பொருளென்றால், முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக, ஒரு நாணயத்தளவு இடத்தில் காலையும் இரவும் பூசுங்கள். முகத்தில் எவ்வளவு கனமாகப் போடுவீர்களோ அவ்வளவு கனமாக. அந்த இடம் கழுவுப்பட்டால் திரும்பப் பூச வேண்டும். ஏழு முதல் பத்து நாள். ஒரே இரவில் முடிகிற சோதனை ஒவ்வாமையைக் காட்டாது. கழுவிவிடும் பொருளென்றால் ஐந்து நிமிடம், அல்லது லேபலில் போட்டிருக்கும் நேரம் வைத்திருந்து கழுவுங்கள். அமிலம் அல்லது ரெட்டினோல் (விட்டமின் ஏ வகை) உள்ள பொருள் கையில் கொஞ்சம் சிவந்தால் உடனே பயப்படத் தேவையில்லை. கடித்துத் தடித்தால் மட்டும் அதோடு நிறுத்துங்கள்.

கை தாங்கியதென்றால் அடுத்தது முகத்தின் ஓரம். ஒரு பக்கத் தாடையில், காதுக்குக் கீழே, இரண்டு விரல் அகலம். கைத் தோலில் எண்ணெய்ச் சுரப்பி குறைவு, அங்கே பரு வராது. அதனால்தான் தாடைக்கு வரவேண்டியிருக்கிறது. மற்றத் தாடையில் பழையபடியே விடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் மாதவிடாய்க்கு முந்திய பருவையும், நித்திரை முழித்த பருவையும், கிறீம் தந்த பருவையும் பிரித்தறியலாம். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் கிறீமில் பிழையில்லை. ஒரு பக்கம் மட்டும் வந்தால் அதுதான் பதில். நாலு வாரம் முடிந்தபின் முழு முகத்துக்கும் போகலாம், இன்னும் நாலு வாரத்துக்கு வேறெதையும் புதிதாகச் சேர்க்காமல். கைத்தொலைபேசியில் வாரம் ஒருமுறை, அதே யன்னலோரம், அதே நேரம், இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். நினைவை நம்பினால் "முன்னரும் இப்படித்தான் இருந்ததோ" என்று குழம்பிவிடும். ஆவணியில் கல்யாணமென்றால் இந்தக் கணக்குச் சித்திரை, வைகாசியிலேயே தொடங்கிவிடுகிறது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம். பழகிய சாமான் சுமாராக இருந்தாலும் அதுவே நல்லது.

தொடக்கத்தில் பரு கூடும், அது அழுக்கு வெளியேறுவது என்று விற்பவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. அடபலீன், ட்ரெட்டினோயின் போன்ற ரெட்டினோயிட்டுகளும் (விட்டமின் ஏ வகைப் பரு மருந்துகள்) ஓரளவுக்குச் சாலிசிலிக் அமிலமும் உள்ளே ஏற்கெனவே உருவாகி நின்ற அடைப்பை விரைவாக மேலே தள்ளும். வழமையாகப் பரு வரும் இடத்திலேயே வரும், நாலு முதல் ஆறு வாரத்தில் தணியும். மொய்ச்சரைசர், சன்ஸ்கிறீன், பவுண்டேசன், முக எண்ணெய் போன்றவற்றுக்கு அந்த வேலை கிடையாது. இவற்றைப் போட்டபின், முன்பு வராத இடத்தில் பரு வந்தால் அது வெளியேற்றமில்லை, அடைப்பு. நிறுத்துங்கள்.

"நொன் கொமெடோஜெனிக்" (துளையை அடைக்காது) என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மட்டும் நம்பாதீர்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான ஒரே அளவுகோல் இல்லை. உற்பத்தியாளர் தானே போட்டுக்கொள்ளலாம். எந்தப் பொருள் துளையை அடைக்கும் என்ற பழைய பட்டியல்கள் பெரும்பாலும் முயலின் காதில் செய்த பரிசோதனையிலிருந்து வந்தவை. முயற்காது மனித முகத்தைவிட எளிதில் அடைபடும். பட்டியலில் பெயரிருப்பதால் மட்டும் ஒன்றை ஒதுக்கவும் முடியாது, இல்லாததால் மட்டும் நம்பவும் முடியாது. ஆயினும் ஐசோப்ரொப்பில் மிரிஸ்டேற், ஐசோப்ரொப்பில் பால்மிட்டேற், கொக்கோ பட்டர், தேங்காய் எண்ணெய் ஆகியவை லேபலில் முதல் ஐந்து, ஆறு பெயர்களுக்குள் நின்றால் பரு வரும் முகத்துக்கு வேறொன்று தேடுவது புத்தி. பொருட்களின் பெயர்கள் அளவு கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் எழுதப்படும். நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே உள்ளவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். சுத்திகரித்த பெற்றோலியம் ஜெலி, பலர் நினைப்பதுபோல் துளையை அடைப்பதில்லை. ஆனால் எங்கள் வெயிலுக்கு அது முகத்தில் பிசுபிசுக்கும். இரவில் உதட்டுக்கும் உரிந்த மூக்கோரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எரியும் தோலுக்கு வாசனைதான் பெரிய எதிரி. "பர்ஃபியூம்" என்ற ஒரு சொல்லுக்குள் பல பத்து இரசாயனங்கள் ஒளிந்திருக்கும். "அன்சென்ரெட்" என்று எழுதியிருந்தால் வாசனை இல்லை என்பதல்ல. மணத்தை மறைக்க இன்னொரு மணம் சேர்த்திருக்கலாம். "ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ" என்று இருப்பதைத் தேடுங்கள். மெதைல்ஐசோதயசோலினோன் என்ற பாதுகாப்பூட்டியை ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் கழுவாமல் விட்டுவைக்கும் பொருட்களில் தடைசெய்தது, அவ்வளவு பேருக்கு ஒவ்வாமை தந்ததால். இந்தப் பெயர் நீளமாக இருந்தாலும் ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பருவும் பருவல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஈரப்பதமும் வியர்வையும் உள்ள எங்கள் ஊரில் நெற்றி, தலைமயிரோரம், நெஞ்சு, முதுகு ஆகிய இடங்களில் ஒரே அளவாக, கடியோடு, மணல் தூவியதுபோல் சின்னச் சின்னப் பொரிகள் வந்தால் அது மலசீசியா என்ற பூஞ்சையால் வருவதாக இருக்கலாம். வழமையான பரு மருந்துக்கு அது அசையாது. அன்ரிபயோட்டிக் எடுத்தால் கூடவும் செய்யும். கீற்றோகொனசோல் சேர்ந்த மருந்து அதற்குக் கேட்கும், வைத்தியரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நெற்றியில் மட்டும் கரும்புள்ளியும் வெண்புள்ளியுமாக வந்தால் கிறீமை விட்டு முதலில் தலைக்கு வைக்கும் எண்ணெயைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் வைத்து, தலையை வாரிக் கட்டி, வெயிலில் நடந்தால் அது உருகி நெற்றிக்கு இறங்கும். எண்ணெயை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. முழுகுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் வைத்து, கழுவி, கடைசியாக முகத்தைக் கழுவுங்கள். தலையணை உறையை வாரம் இரண்டு முறை மாற்றுங்கள். இதை மட்டும் செய்தாலே நெற்றி சில வாரத்தில் தெளிவதுண்டு. சீரம் வாங்கும் காசு மிச்சம்.

முகத்துக்கு அடிப்படையாக மூன்று போதும்: மென்மையான ஃபேஸ் வோஷ், இலேசான மொய்ச்சரைசர், சன்ஸ்கிறீன். தோலின் இயல்பான அமிலத்தன்மை பிஎச் 5 அளவில் நிற்கும் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்). சாதாரணச் சவர்க்காரம் 9, 10. தேசிக்காய்ப் புளி 2 அளவு. அப்பச்சோடா 8க்கு மேல். புளி எரிக்கும், சவர்க்காரமும் அப்பச்சோடாவும் தோலின் மேற்படையைக் குலைக்கும். தேசிக்காய்ப் புளியைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் வெந்ததுபோல் கொப்பளித்து, பிறகு மாதக்கணக்கில் நிற்கும் கறுப்பாகிவிடும். புளியில் உள்ள சில பொருட்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து செய்யும் வேலை அது. பற்பசையைப் பருவில் வைப்பதும் இதே சாதி. காலையும் இரவும் இரண்டு முறை கழுவினால் போதும், வியர்த்துக் கொட்டிய பிறகு மூன்றாவது. கரையோரப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் சவர்க்காரம் நுரைக்காது, படிவு முகத்தில் தங்கும். கடைசிக் கழுவலை ஒரு கோப்பை நல்ல தண்ணீரில் முடியுங்கள். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முகத்துக்குத் தனித் துவாய்.

பருவுக்கு வேலை செய்யும் மருந்துகளில் பென்சோயில் பெரொக்சைட் 2.5 வீதம் வாங்குங்கள். 10 வீதமும் ஏறக்குறைய அதே பலனைத்தான் தரும், எரிவு மட்டும் கூட. ஐந்து நிமிடம் வைத்துக் கழுவியும் பயன்படுத்தலாம். நிறத் துணியை வெளுத்துவிடும் என்பதால் வெள்ளைத் தலையணை உறை போடுங்கள். சாலிசிலிக் அமிலம் 0.5 முதல் 2 வீதம் வரை. அஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் தொட வேண்டாம். அடபலீன் 0.1 வீதத்தை வைத்தியர் எழுதித் தந்தால், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, முகம் நன்றாகக் காய்ந்து இருபது நிமிடம் கழித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில். ஈர முகத்தில் பூசினால் எரிவு கூடும். பருவின்மேல் மட்டும் புள்ளி வைப்பது பிழை. அது வரப்போகும் பருவைத் தடுக்கும் மருந்து. பலன் தெரிய 12 வாரம் எடுக்கும். கர்ப்பிணிகளும் கர்ப்பம் எதிர்பார்ப்பவர்களும் ரெட்டினோயிட்டைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அசலாயிக் அமிலம் உண்டு, அது பரு போன இடத்துக் கறுப்பையும் குறைக்கும். ரெட்டினோயிட் பூசுபவர்கள் முகத்தில் வக்ஸ் எடுக்க ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தோலும் சேர்ந்து உரிந்துவிடும். பார்லருக்குப் போகும்போது இதைச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். பார்லரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

மாநிறத் தோலில் பரு போனபின் கறுப்பு அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் அதைக் கூட்டும். ஆகவே சன்ஸ்கிறீனை விட முடியாது. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீட்டுக்குப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும். மெல்லிசாகத் தடவினால் லேபலில் போட்ட பாதுகாப்பில் சிறு பகுதிதான் கிடைக்கும். வெளியே நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். சின்க் ஒக்சைட், டைட்டேனியம் டையொக்சைட் உள்ளவை எரிவு குறைந்தவை, ஆனால் எங்கள் நிறத்தில் சாம்பல் பூசியதுபோல் நிற்கும். இரும்பு ஒக்சைட் சேர்த்து நிறமூட்டிய சன்ஸ்கிறீன் கிடைத்தால் இரட்டை இலாபம்: சாம்பல் தெரியாது, கறுப்பைக் கூட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் ஓரளவு தடுக்கும். வியர்வையோடு கண்ணுக்குள் வடிந்து எரிந்தால், கண்ணைச் சுற்றி மட்டும் சின்க் உள்ள குச்சி வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

இனி ஒப்பனை. பவுண்டேசன் நிறத்தைப் புறங்கையில் பார்க்காதீர்கள். கை முகத்தைவிடக் கறுப்பு. தாடையிலிருந்து கழுத்துக்கு ஒரு கோடு இழுத்து, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உடனே வாங்க வேண்டாம், இருபது நிமிடம் நில்லுங்கள். தோலின் எண்ணெயோடு கலந்து பல பவுண்டேசன்கள் ஒரு படி கறுக்கும். கடையில் திறந்து வைத்திருக்கும் சாம்பிளை உதட்டிலோ கண்ணிலோ வைக்கவே கூடாது. பவுண்டேசனுக்கு முன் பூசும் பிறைமரும் பவுண்டேசனும் ஒரே வகையாக இருக்க வேண்டும்: முதல் மூன்று பெயருக்குள் டைமெதிகோன் இருந்தால் சிலிக்கோன் வகை, இல்லாமல் தண்ணீரோடு தொடங்கினால் தண்ணீர் வகை. ஒன்றின்மேல் மற்றது போட்டால் அழிறப்பர்த் துகள்போல் உருண்டு வரும். சன்ஸ்கிறீன் இறுகப் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுக்காமல் மேலே பூசினாலும் அதே கதி.

பருவை மறைக்கக் கனமாக அப்புவதுதான் வழமையான பிழை. முகம் முழுக்க மெல்லிய ஒரு படை போதும். பரு உள்ள இடத்தில் மட்டும் கொன்சீலரை ஊசிமுனைப் பிரஷால் புள்ளியாக வைத்து, ஒரு நிமிடம் விட்டு, ஓரத்தை மட்டும் தட்டிக் கரையுங்கள். நடுவைத் தொட்டால் கழன்றுவிடும். பிறகு சிறிது பவுடரை அழுத்துங்கள், தேய்க்க வேண்டாம். சிவந்த பருவுக்குப் பச்சை நிறத் திருத்தி என்று எல்லோரும் படித்திருக்கிறார்கள். அது வெள்ளைத் தோலுக்குச் சொன்னது. எங்கள் நிறத்தில் பச்சை கொஞ்சம் கூடினாலும் சாம்பலாகத் தெரியும்; எங்கள் தொல்லை பெரும்பாலும் கறுப்பு அடையாளமென்பதால் மாநிறத்துக்குப் பீச், கறுத்த நிறத்துக்குச் செம்மஞ்சள் பொருந்தும். உடைந்து நீர் கசியும் பருவின்மேல் எதையும் போட வேண்டாம். அது காயம்.

மணப்பெண் அலங்காரத்துக்கு முன்னோட்டம் பார்க்கும்போது ஏசி அறையில் அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போவதில் பயனில்லை. போட்ட ஒப்பனையோடு ஆறு மணி நேரம் வீட்டுப் புழுக்கத்தில் இருந்து பாருங்கள். இருட்டிய பிறகு ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள்; சில வெள்ளைப் பவுடர்களும் சன்ஸ்கிறீனும் ஃபிளாஷில் முகத்தை மட்டும் மாவாக்கிவிடும். இந்த முன்னோட்டம் நாலு, ஆறு வாரம் முன்பே நடந்தால் பரு வருகிறதா என்பதும் தெரிந்துவிடும். பிளீச், ஆவி பிடித்துக் கரும்புள்ளி அமுக்கி எடுக்கும் ஃபேஷியல், இரண்டையும் கடைசி இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டாம். பழுத்த பருவின்மேல் ஸ்கிறப் தேய்க்கவே கூடாது. அலங்காரம் செய்வோருக்கும் ஒரு வார்த்தை: கிறீமையும் லிப்ஸ்டிக்கையும் கரண்டியால் தட்டில் எடுத்துப் பிரஷால் பூசுங்கள், டப்பாவுக்குள் விரலை விடாதீர்கள். ஒருவருக்குப் போட்ட பிரஷைக் கழுவாமல் அடுத்தவர் முகத்தில் வைக்காதீர்கள். ஸ்பொஞ்சு ஒருவருக்கு ஒன்று. வீட்டில் பயன்படுத்துபவர்கள் பிரஷை வாரம் ஒருமுறை ஷாம்பூவில் கழுவி, தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தால் போதும்.

சாமத்தியச் சடங்குக்குப் பிள்ளையை அலங்கரிக்கும் தாய்மார் இதைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வயது என்பது எண்ணெய்ச் சுரப்பி விழித்துக்கொள்ளும் வயது. நெற்றியில் முதற்புள்ளிகள் தொடங்கும் வயது. அந்த முகத்தில் கல்யாணப் பெண்ணுக்குப் போடும் கனத்தில் பூசி, அல்பம் எடுப்பதற்காக மூன்று முறை சாறி மாற்றி, இரவு பதினொரு மணிக்குக் களைப்பில் அப்படியே படுக்க விட்டால், பரு அந்த வீட்டிலிருந்துதான் தொடங்கும். இலேசான ஒப்பனை கேளுங்கள். எவ்வளவு களைத்தாலும் கழுவிவிட்டுப் படுக்க வையுங்கள்: முதலில் கழுவினால் போகக்கூடிய கிளென்சிங் பாம், பிறகு ஃபேஸ் வோஷ். ஈரத்தாளால் துடைப்பது மட்டும் போதாது.

ஒட்டுப்பொட்டின் பசையில் உள்ள ஒருவகைப் பினோல் பொருள் சிலருக்கு நெற்றியில் பொட்டளவு வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். அங்கே கடி தொடங்கியதும் நிறுத்த வேண்டும். கறுப்பு மருதாணி என்று விற்பது இலையல்ல, பெரும்பாலும் தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற இரசாயனம் கலந்தது. பெருநாளுக்கு அதைப் பூசிய கை கொப்பளித்தால், அதன்பின் வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயம் ஒத்துவராமல் போகலாம். பர்தா அணிபவர்களுக்கும் ஹெல்மெட் போடுபவர்களுக்கும் தாடையோரம் உராய்வாலேயே பரு வரும். கிறீமைச் சோதிக்கத் தாடையைத் தேர்ந்தால் இதை மனதில் வைத்து, பருத்தி உள்துணியும் கழுவிய பட்டியும் பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் லேபல் உள்ள பொருளுக்கு. லேபல் இல்லாத டப்பாவுக்கு எந்தச் சோதனையும் உதவாது. "நைட் கிறீம்", "மிக்ஸ் கிறீம்" என்று கைத்தொலைபேசி வழியாகவும் சில கடைகளிலும் விற்கப்படும் பெயரில்லாத வெள்ளை டப்பாக்களைத்தான் சொல்கிறோம். கையில் பூசினால் ஒன்றும் செய்யாது. முகத்தில் ஒரு வாரத்திலேயே பரு அடங்கி, நிறம் வெளுத்து, கண்ணாடிபோல் மினுங்கும். அந்த வேகமே அபாய அறிகுறி. பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்டீரோயிட் கலந்தால்தான் அப்படி நடக்கும். சில மாதத்தில் தோல் மெலிந்து, நரம்புபோல் சிவப்புக் கோடுகள் தெரியும், வாயைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் நிறையும். நிறுத்தினால் சில நாளில் முகம் நெருப்பாக எரியும், அதற்குப் பயந்தே திரும்பவும் வாங்குவார்கள். மாதக்கணக்கில் பூசியவர்கள் வீட்டிலிருந்தபடி திடீரென நிறுத்தாமல் தோல் வைத்திய நிபுணரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இன்னும் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். துவாய் வழியாகவும் கை வழியாகவும் வீட்டுக் குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கையின்படி மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருட்களை உற்பத்தி செய்வதும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதும் 2020உடன் நிறுத்தப்பட வேண்டியவையாக இருந்தன; பின்னர் பாதரசம் சேர்த்த எல்லா அழகுப் பொருட்களுக்கும் 2025 என்று கெடு வைக்கப்பட்டது. லேபலில் பாதரசத்தைக் குறிக்கும் கலமெல், மெர்குரி என்ற சொல் இருந்தாலும், தங்க நகையில் படாமல் பூசவும் என்ற எச்சரிக்கை இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஆசிரியர் அவர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "ஏழு நாளில் வெள்ளை", "பரு அடியோடு போகும்" என்ற விளம்பரம் எந்தப் பத்திரிகைக்கு வந்தாலும், அந்தப் பொருளின் உள்ளடக்கப் பட்டியலையும் இறக்குமதியாளர் அல்லது உற்பத்தியாளரின் முகவரியையும் கேட்டுப் பெற்ற பின்னரே பிரசுரிக்க வேண்டும். முகவரி தர மறுப்பவரின் கிறீம் எங்கள் பிள்ளைகளின் முகத்துக்கு வரக் கூடாது. கடைக்காரர்களும், டப்பாவில் உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உச்ச சில்லறை விலை ஆகியவை இல்லாததை இறாக்கையில் வைக்க வேண்டாம். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளும் கண்ணாடி அலுமாரியின் வெயில் பக்கத்திலும் கிறீம்களை வைக்க வேண்டாம். சூட்டில் பிரிந்து தண்ணீர் மேலே நிற்கும் கிறீமை விலை குறைத்தும் விற்க வேண்டாம். விட்டமின் சி சீரம் செம்பழுப்பாக மாறியிருந்தால் அது கெட்டுவிட்டது.

வாங்குபவர்கள் பில்லையும் பெட்டியையும் குறைந்தது மூன்று மாதம் வைத்திருங்கள். பெட்டியில் திறந்த மூடி படத்துக்குள் 6எம், 12எம் என்றிருப்பது திறந்தபின் எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது. திறந்த திகதியைப் பேனையால் டப்பாவிலேயே எழுதுங்கள். முகத்தில் பிழை நடந்தால் டப்பாவைக் கழுவி எறிந்துவிடாதீர்கள். மிச்சத்தை மூடி, பில்லோடும் எடுத்த படங்களோடும் வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடுங்கள். வைத்தியரிடம் போகும்போதும் அதையே கொண்டுபோங்கள், பூசத் தொடங்கிய நாளையும் சேர்த்து எழுதி.

இப்படிக்கு,
பார்மசியிலும் மணப்பெண் அலங்காரத்திலும் பணிபுரியும் இருவர்,
திருகோணமலை.